அம்மாவின் பல் செட் நான்கு மாதமாக வாயிலேயே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்கும் பல் டாக்டர் உண்டா?

அரசலாறு கேட்டது:

வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் சமையல் பகுதியில்தான் எட்டிப் பார்ப்பேன். இன்று வேறு விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. கும்பகோணம் பக்கத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். சித்திரையில் ஸ்ட்ரோக் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "வேண்டாம்", "தா", அப்புறம் தம்பியின் பெயர், இவ்வளவுதான் வருகிறது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் மூக்கில் டியூப் வழியாகக் கஞ்சி. பிறகு டியூபை எடுத்துவிட்டு வாய் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தோம்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் போய் வருவேன். போகும்போதெல்லாம் அம்மா இளைத்துக்கொண்டே வந்தார். குழைய மசித்த பருப்பு சாதத்தை இரண்டு வாய் வாங்குவார், மூன்றாவது வாய்க்கு இடது கையால் ஸ்பூனைத் தள்ளிவிடுவார். வலது கன்னத்துக்குள் சோறு அப்படியே தங்கி நிற்கும். தம்பி மனைவி நல்ல பெண். "என் கைச் சமையல் அத்தைக்குப் பிடிக்கலையோ என்னவோ" என்று ஒருநாள் அடுப்படியில் நின்று அழுதுவிட்டாள். டாக்டரிடம் கேட்டதற்கு, வயசாச்சு, ஸ்ட்ரோக்கும் வந்தாச்சு, பசி குறையத்தான் செய்யும் என்று சத்து மாவு எழுதிக் கொடுத்தார். அறையில் ஒரு வாடை இருந்தது. படுக்கையில் இருக்கிறவர் என்று நினைத்து நாங்களும் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டோம். அந்தச் சாம்பிராணியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் மேல் வாயில் ஏதோ மினுங்கியது. போன் டார்ச்சைப் போட்டுப் பார்த்தேன். கம்பி. பத்து வருஷத்துக்கு முன்னால் கட்டிய பல் செட். மேலே முன்பல் மூன்றும் பக்கத்தில் ஒன்றும் சேர்ந்தது, மேலண்ணத்தில் பிளாஸ்டிக் தட்டு, இரண்டு பக்கமும் பிடிப்புக்குக் கம்பி. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அது கழற்றப்படவே இல்லை.

அம்மா பல் செட் போடுகிறார் என்பது வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே கடைசி வரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கொல்லைப்புறக் குழாயடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு கழுவி மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போது வளையல், தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். வாயில் ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானே மறந்துவிட்டேன்.

விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன். அசையவில்லை. ஈறு கம்பிக்கு மேலே ஏறி வளர்ந்த மாதிரி இருக்கிறது. தொட்டாலே ரத்தம் கசிகிறது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கீழே இரண்டு பல் உடைந்து வேர் மட்டும் நிற்கிறது, அதில் ஒன்று நாக்கைக் குத்திக்கொண்டிருக்கிறது.

பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், எங்கள் ஊரில் தெரிந்த இரண்டு கிளினிக்கும் மெடிக்கல் ஷாப்புக்கு மேலே முதல் மாடியில் இருக்கின்றன. ஒரு ஆள் ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அப்படிப் படிக்கட்டு. இந்த வீட்டு வாசலிலும் ஐந்து படி. வீட்டுக்கு வந்து பார்க்கும் பல் டாக்டர்கள் இருக்கிறார்களா? எப்படித் தேடுவது? அவர் வரும்வரை நான் என்ன செய்யலாம்?

---

பெரிய வீட்டுப் பேரன் எழுதியது:

அக்கா, எதற்கு இவ்வளவு பதற்றம்? நல்லெண்ணெயை வாயில் விட்டுக் கொப்பளிக்க வைத்தால் இறுகியது தானாக நெகிழ்ந்துவிடும். எங்கள் ஆத்தா 90 வயது வரை இதைத்தான் செய்தார். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மாவா சொன்னார்கள்.

---

பல்லாண்டு எழுதியது:

பேரன் தம்பி, உங்கள் ஆத்தாவுக்கு விழுங்கும் சக்தி நன்றாக இருந்திருக்கும், அதனால் பிழைத்தார். இந்த அம்மாவுக்கு ஸ்ட்ரோக். தண்ணீரே புரையேறும் நிலையில் இருப்பவரின் வாயில் எண்ணெயை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நுரையீரலில் எண்ணெய் தங்கி நிமோனியா வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மேடம், நான் பல் மருத்துவன். தஞ்சாவூர் பக்கம் கிளினிக் வைத்து 19 வருஷம் ஆகிறது. (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், என் மகள் வைத்தது.) வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆரம்பித்தது எனக்குப் பாடம் நடத்திய வாத்தியாருக்காக. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். அவர் வீட்டுக்கு முதல் தடவை போனபோது ஒரு கண்ணாடியும் டார்ச்சும் மட்டும் கொண்டுபோனேன். பாதி வேலைக்குக் கருவி இல்லாமல் திரும்பி வந்தேன். இப்போது ஒரு டிராலி சூட்கேஸ் நிறைய இருக்கிறது. தலையில் மாட்டும் விளக்கு, சின்ன மோட்டார், எச்சிலை உறிஞ்ச கையில் தூக்கும் சக்‌ஷன், வாய் மூடாமல் இருக்க ரப்பர் கட்டை, பிரஷர் கருவி, நூறு பஞ்சு உருண்டை, இரண்டு பழைய துண்டு. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் உதவும். தலையணைக்கு மேலே சுருட்டி வைத்துத் தலையை நிறுத்தலாம்.

முதலில் முக்கியமானது: செட்டை இழுக்காதீர்கள். நான்கு மாதம் கழற்றாத கம்பி செட்டைச் சுற்றி ஈறு வீங்கி ஏறியிருக்கும். பலமாக இழுத்தால் ஈறு கிழியும். கம்பி பிடித்திருக்கும் பல் ஆட்டம் கண்டிருந்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். அதைவிடப் பயம் வேறு ஒன்று. செட் பாதி கழன்று தொண்டைக்குள் போய்விட்டால், கம்பியோடு உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். பிறகு அதை எடுக்க ஆபரேஷன் தியேட்டர்தான். இப்போது இறுக்கமாக இருப்பதால் உடனே ஆபத்தில்லை. ஆனால் தினமும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆட ஆரம்பித்துவிட்டால் டாக்டருக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அந்த வாடை வந்தது செட்டுக்கு அடியிலிருந்து. பிளாஸ்டிக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே எச்சில் ஓட்டம் கிடையாது. அங்கே பூஞ்சை வளரும், அண்ணம் சிவந்து எரியும். காரம் இல்லாத பருப்பு சாதம்கூட எரியும். உங்கள் தம்பி மனைவியிடம் சொல்லுங்கள், அவர் சமையலில் ஒரு குறையும் இல்லை.

வயதானவர் சாப்பிட மாட்டேன் என்றால் எல்லோரும் வயிற்றைப் பார்க்கிறார்கள், ரத்தத்தைப் பார்க்கிறார்கள், ஸ்கேன்கூட எடுக்கிறார்கள். வாயைத் திறந்து பார்ப்பது மட்டும் கடைசியில். பல் டாக்டர் வேலை என்று மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள், பல் டாக்டரோ மாடியில் உட்கார்ந்திருக்கிறான். என் கிளினிக்கும் ரொம்ப நாள் மாடியில்தான் இருந்தது. படியேற முடியாதவர்கள் வரவே இல்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. வராதவர்களை எப்படி எண்ணுவது?

அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள். ஒன்றையும் விட வேண்டாம்.

---

அரசலாறு எழுதியது:

டாக்டர், ரொம்ப நன்றி. உங்கள் பதிலைத் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "குறையில்லை"ன்னு திரும்பப் படிங்க அண்ணி என்றாள்.

மாத்திரை டப்பாவைப் பார்த்து எழுதுகிறேன். ரத்தம் நீர்க்க எக்கோஸ்ப்ரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின், பிரஷருக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ராத்திரி தூக்கத்துக்கு ஒன்று, சிறுநீர் அடிக்கடி போகாமல் இருக்க ஒன்று. எலும்புக்கு எதுவும் இல்லை. பல் பிடுங்க வேண்டி வந்தால் ரத்தம் நீர்க்கும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்த வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

---

பல்லாண்டு எழுதியது:

நிறுத்தக் கூடாது. ஒரு நாள்கூட. ஒன்றிரண்டு பல் எடுத்தால் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டு நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தி இன்னொரு ஸ்ட்ரோக் வந்தால் அதை எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது. வார்ஃபரின், அசிட்ரோம் என்று வேறு வகை ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் முன்னதாக ஐ.என்.ஆர் என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்போம். அதையும் நாங்களாக நிறுத்த மாட்டோம், அவர்களுடைய டாக்டரிடம் பேசுவோம்.

எலும்பு மாத்திரையை நீங்களே குறிப்பிட்டது நல்லது. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ வருஷத்துக்கு ஒரு ஊசியோ போட்டிருந்தால், பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் சிலருக்கு உண்டு. ஊசியை மாத்திரைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அப்படி ஊசி எதுவும் போட்டார்களா என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் என் கண்ணில் பட்டது அம்லோடிபின். சிலருக்கு அது ஈற்றை வீங்கி வளர வைக்கும், வாய் சுத்தமில்லாமல் இருந்தால் இன்னும் அதிகமாக. கம்பிக்கு மேலே ஈறு ஏறியதில் அதற்கும் பங்கு இருக்கலாம். மாற்றச் சொல்லவில்லை, உங்கள் டாக்டர் காதில் போட்டு வையுங்கள். சிறுநீர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் எச்சிலைக் குறைக்கும் வகையாக இருக்கலாம். எச்சில் இல்லாத வாயில் பல் வேர்ப் பக்கமாகச் சொத்தையாகும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேருக்கு எனாமல் கிடையாது, சீக்கிரம் அரித்துவிடும். கீழே உடைந்த இரண்டும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நாக்கைக் குத்தும் வேரைச் சும்மா விடாதீர்கள். டாக்டர் வரும்வரை பல் மெழுகு கிடைத்தால் வைக்கலாம் என்று சொல்ல வந்தேன். அதுவும் விழுந்து புரையேறலாம், வேண்டாம். சீக்கிரம் ஆளைப் பிடியுங்கள். நாக்கில் புண் இருந்தால், குத்தும் முனையைத் தேய்த்துவிட்ட இரண்டு வாரத்தில் ஆற வேண்டும். ஆறவில்லை என்றால் புற்றுநோயா என்று பார்க்கச் சதைப் பரிசோதனை செய்தாக வேண்டும். அம்மா வெற்றிலை போடுவாரா?

---

அரசலாறு எழுதியது:

போடுவாராவா! சின்ன இரும்பு உரலில் இடித்துப் போடுவார். புகையிலை கிடையாது, வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு மட்டும். ஸ்ட்ரோக் வந்த அன்று மத்தியானம்கூட இடித்தார். உரல் இப்போதும் ஜன்னலில் இருக்கிறது.

---

நைட் டூட்டி எழுதியது:

அக்கா, நான் ஹோம் நர்ஸ். பதினோரு வருஷமாக வீடு வீடாகப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் வரும்வரை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்கிறேன், டாக்டர் தப்பு இருந்தால் திருத்தட்டும்.

மல்லாக்கப் படுக்க வைத்து வாயைச் சுத்தம் செய்யவே கூடாது. முடிந்தால் முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக நிமிர்த்தி, தாடை கொஞ்சம் நெஞ்சைப் பார்த்த மாதிரி. உட்கார வைக்க முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இடது பக்கம் கீழே இருக்கட்டும். அம்மாவுக்கு நல்ல பக்கம் இடதுதானே, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடினால் அவருக்கே தெரியும், துப்பவோ விழுங்கவோ செய்வார். வலது பக்கம் கீழே இருந்தால் தேங்கி நிற்பது அவருக்குத் தெரியாது. கன்னத்துக்குக் கீழே ஒரு துண்டும் சின்னக் கிண்ணமும்.

முதலில் உதட்டை நனைத்து, கொஞ்சம் வாஸலின். காய்ந்த உதட்டோடு வாயைத் திறக்கச் சொன்னால் ஓரம் வெடித்து வலிக்கும். அடுத்த நாள் பிரஷ்ஷைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வார். பிறகு ஈரத்துணியை இறுக்கிப் பிழிந்து விரலில் சுற்றி வலது கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னால் துடைத்து எடுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குச் சோறு அங்கேதான் ஒளிந்திருக்கும். நான் ஒருவர் வாயில் காலையில் கொடுத்த இட்லியை ராத்திரி பத்து மணிக்கு எடுத்திருக்கிறேன். விரலைப் பல் வரிசைக்கு நடுவில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். வேண்டுமென்று கடிக்க மாட்டார்கள், தானாக மூடிக்கொள்ளும். என் வலது ஆள்காட்டி விரலில் தழும்பு இருக்கிறது.

பிரஷ் குழந்தைகளுக்கானது வாங்குங்கள், தலை சின்னது, நார் மெத்தென்று இருக்கும். பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு போதும், நுரை அதிகம் வந்தால் புரையேறும். பிரஷ்ஷை ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் அலசி உதறிவிட்டுத்தான் திரும்ப வாய்க்குள் விட வேண்டும். ஈற்றில் லேசாக ரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். தேய்க்காததால்தான் அந்த ரத்தம், நாலைந்து நாளில் குறையும். நாக்கில் தேன் தடவாதீர்கள், நிறைய வீட்டில் செய்கிறார்கள், எச்சில் இல்லாத வாயில் அது பல்லைத் தின்னும். டியூபில் சாப்பாடு போகிறவர்களுக்கும் இதெல்லாம் வேண்டும். வாய் வழியாகச் சாப்பிடவில்லையே, எதற்குப் பல் தேய்ப்பது என்று கேட்பார்கள். சாப்பிடாத வாயில்தான் பிசின் மாதிரி படிந்து அண்ணத்தில் ஓடு கட்டியிருக்கும்.

இன்னொன்று. பிரஷ்ஷை அம்மாவின் இடது கையில் கொடுத்து, அதன் மேல் உங்கள் கையை வைத்துத் தேயுங்கள். வேறொருவர் வாய்க்குள் ஏதோ விடுகிறார் என்ற பயம் போய்விடும். நினைவு தப்பின ஒரு தாத்தாவுக்கு இப்படித்தான் செய்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னால் வைத்தால் கை பழைய பழக்கத்தில் தானே ஓடும்.

பல் டாக்டர் வருவதற்கு முன்னால் பிரஷர், சர்க்கரை எழுதி வைத்திருந்தால் அவருக்குச் சுலபம். மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்தாயிற்றா? 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது, வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார்கள், பிசியோதெரபியும் உண்டு. இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

---

பல்லாண்டு எழுதியது:

திருத்த ஒன்றும் இல்லை. "தலை சின்ன பிரஷ்" என்பது நான் கிளினிக்கில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன விஷயம்.

சேர்க்க ஒன்று உண்டு. வாய் சுத்தம் பல்லோடு முடிந்துவிடுவதில்லை. அழுக்கான எச்சில் தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் கசிந்து நிமோனியா ஆகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் இதைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்காகப் பல் தேய்த்துவிட்டவர்களுக்கு மற்றவர்களைவிட நிமோனியாவும் காய்ச்சலும் குறைவாக வந்தன. எந்த மருந்தும் இல்லை, பிரஷ்தான்.

---

ஒசாகா வாசி எழுதியது:

ஜப்பான் என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுப் பாட்டிக்கு 91 வயது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரும் ஒரு சுகாதாரப் பணிப்பெண்ணும் சின்ன வேனில் வந்து இறங்குவார்கள். இன்ஷூரன்ஸில் அடங்கும். பொதுவாகக் கிளினிக்கிலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருந்தால் வருவார்கள். 80 வயதில் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும் என்று 1989-இல் இங்கே ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 2016 கணக்கெடுப்பில் அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு அது இருந்தது. ஊரில் என் மாமனாருக்கு 70 வயதில் நான்கு பல். எதற்குச் சொல்கிறேன் என்றால், வரச் சொன்னால் வருவார்கள் என்ற நிலைமை ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. இங்கேயும் கேட்டுக் கேட்டுத்தான் வந்திருக்கும்.

---

மேலவீதி எழுதியது:

தேடுவது எப்படி என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் அப்பாவுக்காகத் தேடி அலைந்தவன், அதனால் சொல்கிறேன்.

இணையத்தில் தேடினால் சென்னை, கோவை ஆட்கள் வருவார்கள். சின்ன ஊரில் அது வேலைக்காகாது. நான் முதலில் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்தேன். கல்லூரிகளில் பொது சுகாதாரப் பல் மருத்துவம் என்று ஒரு துறை இருக்கும், முகாமுக்குப் போகிற வண்டியும் வைத்திருப்பார்கள். நல்ல மனிதர்கள், வண்டியைத் தெருமுனை வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனால் வண்டிக்குள் ஏற மூன்று இரும்புப் படி, அதுவும் செங்குத்தாக. அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் பார்த்தோம், கதவு அகலம் போதவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டோம், அப்பாவும்தான். கடைசியில் ஒரு பயிற்சி டாக்டர் பெண் கருவிகளை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு திண்ணைக்கே வந்துவிட்டது. திண்ணையில் வெளிச்சமும் நன்றாக இருந்தது.

அடுத்த தடவை அவ்வளவு தூரம் போகவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பல் காட்டும் டாக்டரிடமே நேரில் போய், மதியம் கிளினிக் மூடும் நேரத்தில் வருவீர்களா என்று கேட்டேன். வந்தார். போனில் கேட்டால் ரிசப்ஷன் பெண் முடியாது என்றுதான் சொல்லும். போன் வேண்டாம், நேரில் போங்கள், வாயை எடுத்த போட்டோவையும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள்.

---

அரசலாறு எழுதியது (பதினேழு நாள் கழித்து):

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

மேலவீதி சொன்னபடிதான் செய்தோம். மெடிக்கல் ஷாப் மாடியில் இருக்கும் டாக்டரிடம் தம்பி போட்டோவோடு நேரில் போனான். சின்ன வயசுப் பெண். இதுவரை வீட்டுக்குப் போய் வைத்தியம் செய்ததில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அவரே போன் செய்து, அம்மாவைப் பார்க்கும் டாக்டரின் நம்பரை வாங்கிப் பேசிவிட்டு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் உதவிப் பெண் மடியில் பெட்டி. காலையில் வந்ததற்கும் காரணம் சொன்னார். சாயங்காலம் ரத்தம் கசிந்தால் ராத்திரி யாரைத் தேடுவீர்கள், பகலில் என்றால் நான் மாடியில்தான் இருக்கிறேன் என்று.

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினோம். முதலில் கால் மணி நேரம் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் அண்ணத்தையும் கம்பியையும் ஊற வைத்தார். மரத்துப்போகும் மருந்தை ஈற்றில் தடவினார், அப்புறம் ஒரு சின்ன ஊசி. செட்டை ஒரு நூலால் கட்டி, நூலின் மறுமுனையை உதவிப் பெண்ணின் விரலில் சுற்றினார். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது, பல்லாண்டு டாக்டர் சொன்னது நினைவில் இருந்ததால். ஒரு கம்பியை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. வந்தது. அந்த வாடையை நான் எழுதப்போவதில்லை. அண்ணம் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து கிடந்தது. தட்டின் உட்பக்கத்தில் மாவு மாதிரி வெள்ளைப் படிவம், அதற்குள் சின்னதாக ஒரு பாக்குச் சீவல். ஸ்ட்ரோக் வந்த அன்று மத்தியானம் இடித்தது.

நாக்கைக் குத்திய வேரை எடுத்துவிட்டார். மாத்திரை எதையும் நிறுத்தவில்லை. பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றால் அம்மாவுக்குப் புரியவில்லை. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் விரலாலேயே இருபத்தைந்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்தார். நடுவில் அவருக்குக் கை மரத்துப்போய் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். இன்னொரு வேரை இப்போது தொட வேண்டாம் என்று வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்தைத் தடவினார். சொத்தை அதோடு நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும், சம்மதமா என்று முன்னதாகவே கேட்டார். கறுத்துவிட்டது. பின்னால் இருப்பது, யாருக்கும் தெரியாது. பூஞ்சைக்கு ஒரு மருந்து, இரண்டு வாரம்.

எலும்பு ஊசி விஷயம் விசாரித்தேன், போட்டதில்லை. நாக்குப் புண் ஆறிவிட்டது, நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்லோடிபினை டாக்டர் வேறொன்றுக்கு மாற்றியிருக்கிறார். ஃபீஸ் 1,800 ரூபாய் வாங்கினார். மாடிக்கு ஆம்புலன்ஸ் வைத்துத் தூக்கிப் போயிருந்தால் ஆள் கூலியே அதைத் தாண்டியிருக்கும்.

சாப்பாடு? எட்டாம் நாள் தம்பி மனைவி ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தாள். கிண்ணம் காலி. அம்மா "தா" என்றாராம். எனக்கு வீடியோ போட்டாள், பின்னணியில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஒரு சிக்கல். செட்டை டாக்டர் கழுவி, வெட்டிய கம்பியை மழுக்கி, அம்மா கையில் காட்டினார். இடது கையில் பிடித்தவர் திருப்பித் தரவே இல்லை. அதைத் திரும்ப வாயில் போடக் கூடாது, அண்ணம் ஆறின பிறகு புதிதாக அளவெடுக்கலாமா என்று யோசிப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அம்மாவுக்கு அது தலையணைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு வைத்திருக்கிறோம். யாராவது பார்க்க வந்தால் டப்பாவைத் துப்பட்டாவுக்குள் இழுத்து மறைத்துக்கொள்கிறார். அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டுமா?

---

பல்லாண்டு எழுதியது:

தினமும் மாற்றுங்கள். பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். அளவெடுக்கும் நாளில் பழைய செட்டையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், முன்பல் எந்த வரிசையில் இருந்தது என்று தெரியும். டப்பாவை மறைக்க விடுங்கள்.